அஞ்சு மணி ஜெபமும் சனிக்கிழமை கூலியும்

லெந்து நாள் வந்தாலே எங்க கோவில்பட்டி பக்கம் ஒரு பேச்சு கிளம்பிடும். "அண்ணாச்சி, இந்தத் தடவை என்னத்தை விட்டீக?" ஒருத்தர் கறி, மீன். ஒருத்தர் காபி. எதிர்வீட்டு காலேஜ் பையன் வாட்ஸ்அப்பை விட்டுட்டானாம். அதையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லதான் போட்டிருந்தான் :-) விட்டதெல்லாம் ஈஸ்டர் அன்னைக்கு மட்டன் பிரியாணியோட சேர்ந்து திரும்பி வந்துடும்.

இதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லை. நானும் காபியை விட்டவன்தான் (ஒன்பது நாள் தாங்கினேன்). கோபம் வந்தது போன மாசம் ஒரு கூட்டத்துல. தலைப்பு, விசுவாசத்தை அனுதின வாழ்க்கையில் கடைப்பிடிப்பது எப்படி. பேச வந்தவர் நல்லாத்தான் பேசினார். காலையில 5 மணிக்கு எழும்பணும், நாலு அதிகாரம் வாசிக்கணும், குடும்ப ஜெபம் தவறக்கூடாது, வாரம் ஒரு நாள் உபவாசம், தசமபாகம். ஒன்றரை மணி நேரம். கூலிங்கிற வார்த்தை ஒரு தடவைகூட வரலை. அதுவும் தீப்பெட்டி ஊர்ல நின்னுக்கிட்டு!

கூலி நோட்டைத் தொடாத ஆவிக்குரிய ஒழுக்கத்தை நான் ஒழுக்கம்னு ஒத்துக்க மாட்டேன். இந்தப் பதிவே அதைச் சொல்லத்தான்.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். எங்க பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை "தீப்பெட்டி ஆபீஸ்"னுதான் சொல்லுவோம். மழை பொய்ச்சா பருத்தியும் இல்லை, உளுந்தும் இல்லை. அப்போ கரிசக்காட்டுப் பொம்பளைகளுக்கு இருந்த ஒரே போக்கு இந்த ஆபீஸ்தான். எங்க அம்மா வீட்டுக்கே அட்டை வாங்கிட்டு வந்து பெட்டி ஒட்டினவங்க. குரோசு கணக்கு, அதாவது 144 பெட்டி ஒரு குரோசு. பசை வாசனை இல்லாத ராத்திரியே எங்க வீட்ல கிடையாது.

அம்மா ஒட்டிக் கொடுத்த ஆபீஸ்ல காலையில ஜெபத்தோடதான் வேலை ஆரம்பிக்கும். முதலாளியே பாட்டெடுத்துப் பாடுவார், நல்ல குரல். அவர் வேஷக்காரர்னு நினைச்சுடாதீங்க. 5 மணிக்கு நிஜமாவே எழும்புவார், வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணி குடிக்க மாட்டார். ஆனா சனிக்கிழமை கணக்கப்பிள்ளை நோட்டை விரிச்சா, பத்து குரோசுக்கு ஒரு குரோசு "கழிவு"ன்னு போயிடும். ஒட்டு சரியில்லையாம். சரியில்லாத பெட்டி திரும்பி வருமான்னா, வராது. அதுவும் லோடுல ஏறிடும். மிச்சக் காசை அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கலாம்பாங்க. அம்மா அந்த வாரமும் கடையில கடன் சொல்லித்தான் அரிசி வாங்கணும்.

அம்மா ஒரு தடவை சொன்னாங்க: "அவுக ஜெபத்துல ஒரு குறையும் இல்லைய்யா. எங்கணக்குலதான் குறையுது."

அந்தக் கூட்டத்துல சொன்ன பட்டியலை வச்சு மார்க் போட்டா அந்த முதலாளி நூத்துக்கு நூறு. பட்டியல்ல ஏதோ கோளாறு இருக்குன்னு எனக்குப் புரிஞ்சது அங்கேதான்.

இத்தனைக்கும் வேதத்துல இது மூலையில ஒளிஞ்சு கிடக்குற விஷயம் இல்லை. லேவியராகமம் 19-ல, கூலிக்காரன் காசு விடியற வரைக்கும் உன்கிட்ட தங்கக்கூடாதுன்னு இருக்கு. உபாகமம் 24-ல பொழுது அடையுறதுக்குள்ள கொடுத்துடணும், அவன் ஏழை, அதைத்தான் நம்பியிருக்கான்னு காரணமும் சேர்த்தே இருக்கு. 5 மணிக்கு எழும்பணும்னு சட்டமா எங்கேயும் நான் பார்த்ததில்லை. கூலிக்கு மட்டும் நேரம் குறிச்சே வச்சிருக்கு. ஏசாயா 58-ஐ உபவாசக் கூட்டத்துல வாசிக்காத சபை உண்டா? அதுல 11-ம் வசனம், தண்ணி வத்தாத தோட்டம் மாதிரி இருப்பேங்குறது, வருசப் பிறப்பு வாக்குத்தத்த அட்டையில வந்துடும். வானம் பார்த்த பூமிக்காரனுக்கு அதைக் கேட்டா கண்ணு கலங்கும்ல? ஆனா அதே அதிகாரம் 3-ம் வசனத்துல, உபவாச நாள்லயே வேலைக்காரனை வாட்டுறீங்களேன்னு தீர்க்கதரிசி கேட்கிறார். அந்த வசனம் போட்ட அட்டை இன்னிவரைக்கும் என் கையில வந்ததில்லை.

"தம்பி, கிரியையினால இரட்சிப்பு இல்லை, கிருபைதான்"னு ஒருத்தர் வருவார். வரட்டும். யாக்கோபு நிருபம் லூத்தருக்கே பிடிக்காது, வைக்கோல்னு சொல்லிட்டார். இருந்தாலும் அது பைபிள்ல இருந்து கழண்டு போயிடலையே. அறுப்புக்காரனுக்குக் கொடுக்காம வச்ச கூலி கூப்பாடு போடும்னு அதுலதான் இருக்கு. இன்னொண்ணு, கிருபையைப் பத்திப் பேசுறவர் தசமபாகத்தை மட்டும் ஏன் கணக்குப் பார்த்து வாங்குறார்?

"வியாபாரம் தெரியாமப் பேசாதே"ன்னு அடுத்தவர். இதுல நியாயம் இருக்கு. 2007-ல இருந்து 2021 வரைக்கும் ஒரு தீப்பெட்டி ஒரு ரூபாதான். 2021 டிசம்பர்லதான் ரெண்டு ரூபா ஆச்சு. பதினாலு வருசம் விலை ஏறலைன்னா சின்ன முதலாளி எங்கே போவான்? ஒத்துக்கிறேன். ஆனா கழிவுன்னு எழுதினதை லோடுல ஏத்துறதுக்கும் விலைக்கும் என்னய்யா சம்பந்தம்?

இதைவிடப் பெரிய கேள்வி ஒண்ணு கிடக்கு. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி கிராமங்கள்ல விடியுறதுக்கு முன்னாடியே தூக்கக் கலக்கத்தோட பிள்ளைகளை வண்டியில அள்ளிட்டுப் போவாங்க. 1986-ல குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பர்ல எம்.சி. மேத்தா வழக்குல உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழில்ல வச்ச ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபா கட்டணும்னு சொல்லிச்சு. அதாவது வக்கீலும் ஜட்ஜும் வந்து சொல்ல வேண்டியிருந்தது. அந்த வண்டியும் 5 மணி ஜெபத்துக்கு எழும்பின விசுவாசியும் ஒரே இருட்டுலதான் இருந்தாங்க. ஹாரன் சத்தம் கேட்டிருக்காதா?

நம்ம கூட்டங்கள்ல ராக்லண்ட் கதையைச் சொல்லுவாங்க. கேம்பிரிட்ஜ்ல கணக்குப் படிச்ச மனுசன், மெட்ராஸ்ல மிஷன் சங்கத்துச் செயலாளர். அந்த மேசையை விட்டுட்டு 1854-ல வடதிருநெல்வேலிக் கரிசலுக்கு வந்து, கூடாரம் போட்டு ஊர் ஊராத் திரிஞ்சார். 1858 அக்டோபர்ல சிவகாசியிலேயே இறந்து போனார். அவர் சாவைச் சொல்லி அழ வைக்கிறதோட கதை முடிஞ்சிடும். மழை பெய்ஞ்ச கரிசல்ல நடந்தவனுக்குத் தெரியும், ஒவ்வொரு எட்டுக்கும் காலோட ரெண்டு கிலோ மண்ணு வரும். அதுல திரும்பத் திரும்ப அதே ஊர்களுக்குப் போனாரே, அந்த நாலு வருசம்தான் எனக்குப் பெருசாத் தெரியுது. ஜெபம் அவரை நாற்காலியில இருந்து கிளப்பிவிட்டிருக்கு. (மிஷனரி புகழ் பாடுறேன்னு கிளம்பாதீங்க, அந்தச் சண்டையைத் தனியா வச்சுக்கலாம்.)

இவ்வளவு பேசுறவன் யோக்கியமான்னு கேட்பீங்க. சொல்லிடுறேன். நான் சின்னதா கடலைமிட்டாய்க் கடை வச்சிருக்கேன். பாக்கெட் போட மூணு அக்காமார் வர்றாங்க. தினக்கூலி. போன வருசம் லெந்துல ஒரு புதன்கிழமை, சாயங்கால ஆராதனைக்கு நேரமாச்சுன்னு ஷட்டரை இறக்கிட்டு வண்டியை எடுத்தேன். ஒரு அக்கா நின்னாங்க. "நாளைக்கு வாங்கிக்கோங்கக்கா"ன்னேன். "சரிண்ணாச்சி, வாங்கிக்கிடுதேன்"னாங்க. மறுநாள்தான் தெரிஞ்சது, பேத்திக்கு மருந்து வாங்கப் பக்கத்து வீட்ல கைமாத்து கேட்டிருக்காங்க. அன்னைக்குக் கோயில்ல பாடினதை நினைச்சா இப்பவும் கூசுது. நானும் நல்லாத்தான் பாடுவேன்.

வர்ற சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு ஆயத்த ஜெபம்னு அறிவிச்சிருக்காங்க. ஆறரைக்குத்தான் வர முடியும்னு ஐயர்கிட்ட சொல்லிட்டேன் (எங்க பக்கம் பாஸ்டரை ஐயர்னுதான் சொல்லுவோம், குழம்பாதீங்க). ஏன்னு கேட்டார். கூலி போடணும்யான்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துட்டு, "அப்போ ஏழு மணிக்கு மாத்தி வச்சுக்கிடலாமா?"ன்னார்.

டிஸ்கி: அந்த முதலாளி யாருன்னு பின்னூட்டத்துல கேட்காதீங்க. அவர் இப்போ இல்லை. அவர் அடக்கத்துக்கு எங்க அம்மாவும் போய் அழுதுட்டுத்தான் வந்தாங்க.