குழாயை மண்ணுக்குள் இறக்குவோம்

தை, மாசி மாதங்களில் நுவரெலியாப் பக்கத் தோட்டங்களில் சில விடியல்களில் உறைபனி விழுகிறது. புல் வெள்ளை வெளேரென்று கிடக்கும், கொழுந்து கருகிப்போகும். கருகிய மலையைப் பார்க்க நிர்வாகம் உடனே வருகிறது. அதே பனியில் வெடித்த லயத்துக் குழாயைப் பார்க்க யார் வருகிறார்கள்?

தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் கூடும். இதை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இரவில் தண்ணீர் ஓடாமல் நிற்கும் குழாய், புல்லின் மேல் வெறுமனே கிடந்தால் வெடிப்பது இதனால்தான். வெடித்த அன்று எமது பெண்கள் குடத்தோடு பீலிக்கு நடக்கிறார்கள். பிரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர். பிள்ளைகள் முகம் கழுவாமல் பள்ளிக்கூடம் வருகிறார்கள், சிலர் வருவதேயில்லை.

ஓர் அடி ஆழத்துக்குக் கான் வெட்டிக் குழாயைப் புதைத்தால் பனி எட்டாது. வெயிலும் மம்பட்டியும் மாட்டுக் குளம்பும்கூட எட்டாது. நிலத்துக்கு மேல் நிற்கும் துண்டுக்கும் மூட்டுகளுக்கும் பழைய சாக்கைச் சுற்றி, அது நனையாதபடி மேலே பொலித்தீன் கட்ட வேண்டும்.

சாக்குச் சுற்றுவதை நாமே செய்வோம். கான் வெட்டிக் குழாய் போடுவது நிர்வாகத்தின் பொறுப்பு. அதைச் சிரமதானம் என்று எம் தலையில் கட்ட விடக்கூடாது. வெட்டுகிற ஆளுக்குப் பேர் போட வேண்டும். தோட்டக் கமிட்டிகள் மார்கழிக்கு முன்பே இதை எழுத்தில் கேட்கட்டும். கடிதத்தின் பிரதி ஒன்று சங்கத்திடம் இருக்கட்டும். பதில் வராவிட்டால், நிர்வாகத்தோடு நடக்கும் அடுத்த பேச்சுவார்த்தையில் முதல் விடயம் இதுதான்.