மணியோசையும் மனக்கதவும்

மணியடித்தால் எழுதல், மணியடித்தால் செபம், மணியடித்தால் பாடம், மறுமணி அடித்தால் மௌனம்! ஐரோப்பியக் குருமடங்களில் பங்குக் குருவாகப் பயின்ற இளைஞனின் நாள் இப்படித்தான் நகர்ந்தது. வீட்டைத் துறந்து வந்த அவனை நாம் எள்ளவில்லை. நாம் கேட்பது ஒன்றே: ஊருக்கு வழிகாட்டப் போகிறவனுக்கு உலகச் செய்தி நஞ்சானது ஏன்?

1910-இல் போப் பத்தாம் பயஸ், எத்துணை நல்ல ஏடாயினும் குருமாணவர் செய்தித்தாள் படிக்கலாகாது என்றார். நவீனக் கருத்துகளுக்கு எதிராகக் குருமார் சத்தியம் செய்யவும் ஆணையிட்டார். பூட்டு சிந்தனையைத் தடுக்குமா? 1845-லேயே பாரிசுக் குருமடத்தைவிட்டு வெளியேறினார் எர்னஸ்ட் ரெனான். அவரது ஐயத்துக்கு உரமூட்டியது எது? அந்த மடமே கற்பித்த எபிரேய மொழி! 1967-இல் அச்சத்தியமும் கைவிடப்பட்டது. மனிதர் இட்ட பூட்டை மனிதரே திறந்தனர்.

தோழர்களே! மாற்றார் ஏட்டைப் படிக்க நாம் அஞ்சினால், நம் படிப்பகமும் குருமடமே!