கழிமுக நீரை அளப்பது யார், யாருக்காக?

மும்பை மாகிம் பகுதியில் மித்தி ஆறு நாள்தோறும் இருமுறை திசை மாறுகிறது. கடல் ஏறும்போது அரபிக் கடலின் நீர் உட்புகுந்து ஆற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கடல் வற்றும்போது, ஆற்றில் சேர்ந்த நகரத்தின் கழிவு முழுவதும் அதே வழியாகக் கடலுக்கு இறங்குகிறது. பெரும் ஏற்ற நாட்களில் நீர்மட்டம் ஏறக்குறைய 5 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். ஆகவே, ஒரே நாளில், ஒரே இடத்தில், சில மணி நேர இடைவெளியில் எடுக்கப்படும் இரண்டு குப்பி நீர் முற்றிலும் வேறான இரண்டு உண்மைகளைச் சொல்லும். ஒன்றில் கடல்நீர் மிகுந்திருக்கும். மற்றொன்றில் சாக்கடை மிகுந்திருக்கும். இவற்றுள் எது அரசின் பதிவேட்டில் ஏறுகிறது என்பது ஆய்வுக்கூடத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று. அந்த எண்ணைக் காட்டித்தான் திட்டங்கள் தீட்டப்படுகின்றன, நிதி ஒதுக்கப்படுகிறது, குடிசைகள் இடிக்கப்படுகின்றன.

விகார், பொவாய் ஏரிகளின் உபரி நீரில் தோன்றும் மித்தி, சுமார் 17.8 கிலோமீட்டர் ஓடி மாகிம் கழியில் கடலை அடைகிறது. சாகி நாக்கா, குர்லா, கலினா, தாராவி என உழைக்கும் மக்கள் நெருங்கி வாழும் பகுதிகள் அதன் இரு கரைகளிலும் உள்ளன. மாகிமில் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்து வாழ்ந்த கோலி மக்கள் உள்ளனர். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் தொழிலுக்குச் சென்று தாராவியில் வேரூன்றிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும் உள்ளன. இவர்கள் அனைவருடைய உடல்நலமும் பிழைப்பும் இந்த நீரோடு பிணைந்தவை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 351 ஆற்றுப் பகுதிகளை மாசடைந்தவை என அறிவித்தது. அவற்றுள் 53 மகாராஷ்டிரத்தில் இருந்தன. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. மித்தி மிக மோசமான முதல் வரிசையில் வைக்கப்பட்டது. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை ஒரு லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டிய பகுதிகளே அந்த வரிசையில் சேர்க்கப்படுகின்றன. குளிப்பதற்கு ஏற்ற நீரில் இது 3 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது. நோய் இருக்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்ட பின்னர் எஞ்சும் கேள்விகள் இரண்டு: நோய் எங்கிருந்து வருகிறது? அதைக் கண்டறியும் வகையில் அளவீடு நடக்கிறதா?

ஆற்றை அளக்கும் முறை கழிமுகத்திற்குப் போதாது

தேசிய நீர்த்தரக் கண்காணிப்புத் திட்டத்தின் கீழ் மாநில வாரியங்கள் குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட கால இடைவெளியில் நீர் எடுத்துச் சோதிக்கின்றன. கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அமில காரத்தன்மை, மலக் கோலிஃபார்ம் நுண்ணுயிர் போன்றவை கணக்கிடப்படுகின்றன. ஒரே திசையில் ஓடும் ஆற்றுக்கு இம்முறை ஓரளவு பயன்படும். கழிமுகத்தின் இயல்பு வேறு.

ஏற்ற நேரத்தில் எடுத்த நீரில் மாசு நீர்த்துப்போயிருக்கும். பகலில் பாசிகள் ஆக்சிஜனை வெளியிடுவதால் நண்பகல் அளவு உயர்ந்து காணப்படும். விடியற்காலையில், மீன்கள் மூச்சுத் திணறும் வேளையில், அதே இடத்தில் ஆக்சிஜன் அடிமட்டத்திற்கு இறங்கியிருக்கும். உப்புநீர் கனமானதால் அடியில் தங்கும். நன்னீரும் சாக்கடையும் மேலே பரவும். மேல்மட்டத்தில் மட்டும் மொண்டெடுத்த குப்பி அடிநீரைப் பற்றி எதுவும் சொல்லாது. வேதியியல் ஆக்சிஜன் தேவையைக் கணக்கிடும்போது நீரிலுள்ள குளோரைடு குறுக்கிட்டு முடிவை உயர்த்திக் காட்டும். அதற்கேற்ப முறையைத் திருத்தாவிட்டால் எண்ணே பிழையாகிவிடும். கன உலோகங்களோ நீரில் நிற்பதைவிடச் சேற்றில் படிவதே மிகுதி. நீரை மட்டும் சோதிப்பவர் அவற்றைத் தவறவிடுவார்.

எனவே, ஏற்றமா வற்றமா, காலையா மாலையா, மேல்மட்டமா அடிமட்டமா என்ற குறிப்பு இல்லாத அளவை மற்றோர் அளவோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. அத்தகைய எண்களின் ஆண்டுச் சராசரியை முன்வைத்து, நிலைமை மேம்பட்டுவிட்டது என்று ஓர் அமைச்சர் அறிவிக்கலாம். மோசமாகிவிட்டது என்று இன்னொருவர் மறுக்கலாம். இருவரையும் மெய்ப்பிக்கவோ பொய்ப்பிக்கவோ மக்களிடம் கருவி இராது.

இதைவிட ஆழமான அரசியல் ஒன்று தர அளவுகோலிலேயே உள்ளது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் கடலோர நீரை, அதன் பயன்பாட்டின் அடிப்படையில் 5 வகைகளாகப் பிரிக்கின்றன. குளிப்பதற்கும் வணிக முறை மீன்பிடிப்புக்கும் உரியது இரண்டாம் வகை. அதில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. ஐந்தாம் வகை கப்பல் போக்குவரத்துக்கும் கட்டுப்படுத்தப்பட்ட கழிவு வெளியேற்றத்துக்கும் உரியது. அங்கே 3 மில்லிகிராம் போதும். ஒரு கழியை எந்த வகையில் வைப்பது என்று முடிவு செய்வது, அந்த நீரின் மீது யாருக்கு உரிமை என்று முடிவு செய்வதேயாகும். மீனவரின் தொழிற்களம் என்று ஏற்றால் அரசுக்கு ஒரு கடமை பிறக்கிறது. கழிவுப் பாதை என்று எழுதிவிட்டால் அந்தக் கடமை கோப்பிலேயே கரைந்துவிடுகிறது.

பழி யார் மேல் விழுகிறது?

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நூற்றுக்கணக்கான உயிர்கள் பலியாயின. அடுத்த மாதமே மித்தி ஆற்று மேம்பாடு, பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. ஆற்றை அகலப்படுத்தும் பணிக்காகக் கரையோரக் குடியிருப்புகள் ஆயிரக்கணக்கில் அகற்றப்பட்டன. ஆனால் அதே ஆறு விமான நிலைய ஓடுபாதைக்காகத் திருப்பி விடப்பட்டது. கழிமுகத்தின் சதுப்பு நிலத்தைத் தூர்த்து பாந்த்ரா – குர்லா வணிக வளாகம் எழுப்பப்பட்டது. ஓடுபாதையும் வணிக வளாகமும் வளர்ச்சி என்று பெயர் பெற்றன. குடிசை மட்டும் ஆக்கிரமிப்பு என்று பெயர் பெற்றது.

நீர்த்தர அளவீட்டிலும் இதே பாகுபாடு மறைந்திருக்கிறது. பாலத்தடியில் மட்டும் நீர் எடுத்தால் மாசு இருப்பது தெரியும். அதை அனுப்பியவர் யார் என்பது தெரியாது. அந்த வெற்றிடத்தில் கண்ணுக்கு எளிதில் படுகிற குடிசைவாசியே குற்றவாளியாக நிறுத்தப்படுகிறார். பாதாளச் சாக்கடை இணைப்பே தரப்படாத குடியிருப்பின் கழிவு ஓடையில்தான் விழும். இணைப்பு இருக்கும் பகுதிகளின் கழிவும் சுத்திகரிக்கப்படாமல் மழைநீர் வடிகாலில் சேருமானால், அதற்குப் பொறுப்பு குடியிருப்போருடையதன்று, மாநகராட்சியுடையது. ஒவ்வொரு வடிகாலின் வாயிலும் நீரின் அளவையும் தரத்தையும் தனித்தனியே கணக்கிட்டால்தான் இந்தப் பொறுப்பு பெயரோடும் எண்ணோடும் நிலைநாட்டப்படும்.

கரையோரத்தில் எண்ணெய் பீப்பாய் கழுவும் சிறு பட்டறைகளும் மறுசுழற்சிக் கூடங்களும் உள்ளன. அவற்றின் கழிவும் ஆற்றில் கலக்கிறது. இதை மறைப்பதால் தொழிலாளிக்கு நன்மையில்லை. அந்த வேதிப்பொருளை முதலில் தொடுவது அவருடைய கைதான். ஆனால் பீப்பாய் எந்த ஆலையிலிருந்து வந்தது, கழுவிய பின் யாரிடம் திரும்பிப் போகிறது என்ற சங்கிலியைத் தொடராமல் பட்டறையை மட்டும் பூட்டுவது, கடைசிக் கண்ணியில் இருப்பவரைத் தண்டிப்பதாகும். பொதுச் சுத்திகரிப்பு வசதி தருவதும், அதன் செலவில் பெரிய நிறுவனங்களைப் பங்கேற்கச் செய்வதுமே நியாயமான வழி.

இன்று தாராவி மறுசீரமைப்பில் அதானி குழுமமே பெரும்பங்கு வகிக்கிறது. இந்நிலையில், கழிமுகம் மாசடைந்திருக்கிறது என்ற உண்மை, மக்களுக்குத் தூய நீர் தரும் வாதமாகவும் பயன்படலாம். அவர்களை வெளியேற்றும் வாதமாகவும் பயன்படலாம். எண் ஒன்றே. அது யார் கையில் இருக்கிறது என்பதே வேறுபாடு.

பில்லில் தெரியும் தூய்மை

மித்தியைத் தூர்வாரும் பணியில் சுமார் 65 கோடி ரூபாய் முறைகேடு நடந்ததாக மும்பைக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு 2025 மே மாதத்தில் வழக்குப் பதிவு செய்தது. குற்றம் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட வேண்டியது. ஆயினும் ஒன்று இப்போதே தெளிவு: எடுத்த சேற்றின் எடைக்கும் ஓடிய இயந்திரத்தின் மணிக்கும் பணம் தரும் ஒப்பந்த முறையில், ஆற்று நீர் தெளிந்ததா என்று கேட்கும் இடமே இல்லை. மும்பையில் நாளொன்றுக்கு மொத்தம் 2,464 மில்லியன் லிட்டர் திறனுள்ள 7 புதிய சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்படுகின்றன. அவை தேவையானவை. ஆனால் அவற்றின் வெற்றியைத் திறப்பு விழாக் கல்வெட்டு காட்டாது. தாழ்ந்த வற்று நேரத்தில் மாகிமில் எடுக்கும் ஒரு குப்பி நீர்தான் காட்டும்.

கருவிகளைப் பொருத்திவிட்டால் போதும் என்போரும் உள்ளனர். 2014இல் மத்திய வாரியம் மிகுந்த மாசு விளைவிக்கும் 17 வகைத் தொழில்களுக்குத் தொடர் இணையவழிக் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. அது முன்னேற்றமே. ஆனால் கருவியை வாங்குபவரும் பராமரிப்பவரும் ஆலை முதலாளியே. உப்பும் சேறும் பாசியும் படியும் கழிமுகத்தில் உணரிகளை அடிக்கடி சுத்தம் செய்து சரிபார்க்க வேண்டும். அதற்கு நிரந்தர ஊழியரும் சுதந்திரமான ஆய்வுக்கூடமும் வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களில் பணியிடங்களைக் காலியாக வைத்துக்கொண்டே தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசுவது கண்துடைப்பாகும்.

பல்லைப் பிடுங்கிய சட்டம்

1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் இந்தியாவின் முன்னோடிச் சட்டங்களுள் ஒன்று. அதன் 21ஆம் பிரிவு, முறைப்படி அறிவிப்புத் தந்து வாரிய அதிகாரி எடுத்து முத்திரையிட்ட மாதிரியின் முடிவையே சாட்சியமாக ஏற்கிறது. மக்கள் எடுக்கும் குப்பிக்கு அந்தத் தகுதி இல்லை. வாரியம் வராத இரவில் திறக்கப்படும் மதகு சட்டத்தின் கண்ணில் திறக்கப்படாததே.

2024இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த திருத்தம் இச்சட்டத்தை மேலும் வலுவிழக்கச் செய்தது. சிறைத் தண்டனைக்குரியவையாக இருந்த பல மீறல்கள் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதத்திற்குரியவையாக மாற்றப்பட்டன. சில வகை ஆலைகளுக்கு முன்னனுமதியிலிருந்து விலக்களிக்கும் அதிகாரமும், மாநில வாரியத் தலைவர்களை நியமிக்கும் முறையை வகுக்கும் அதிகாரமும் ஒன்றிய அரசிடம் சென்றன. ஒரு பெரிய நிறுவனத்திற்கு 15 லட்சம் ரூபாய் என்பது தண்டனையன்று, மாசுபடுத்துவதற்கான கட்டணம். வணிகம் செய்வதை எளிதாக்குதல் என்ற பெயரில் மக்கள் மூச்சுவிடுவது கடினமாக்கப்படுகிறது. கூடவே மாநில உரிமையும் பறிக்கப்படுகிறது.

இதைச் சொல்லும் இடதுசாரிகள் தங்கள் அனுபவத்தையும் நேர்மையோடு நோக்க வேண்டும். இடது ஜனநாயக முன்னணி ஆட்சியிலிருந்த கேரளத்தில், 2024 மே மாதம், ஏலூர் – எடையார் தொழிற்பகுதியை ஒட்டிய பெரியாற்றில் மீன்கள் பெருமளவில் செத்து மிதந்தன. கூண்டுகளில் மீன் வளர்த்தோர் முதலை இழந்தனர். பாதாளம் மதகு திறக்கப்பட்டதால் ஆக்சிஜன் குறைந்தது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கேரள மீன்வள, கடலாய்வுப் பல்கலைக்கழகமோ ஆபத்தான அளவில் அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் இருந்ததைச் சுட்டிக்காட்டியது. இரண்டுமே அரசு நிறுவனங்கள். இத்தகைய கருத்து வேறுபாட்டைத் தீர்க்க, நிகழ்வுக்கு முந்தைய இரவு வரை இடைவிடாத, அனைவரும் காணத்தக்க பதிவு வேண்டும். ஆட்சி யாருடையதாயினும், பதிவு மக்கள் கையில் இல்லாவிட்டால் மீனவருக்கு இழப்பீடு கேட்கும் ஆதாரம்கூட இராது.

முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள்

கழிமுகக் கண்காணிப்புக்கென வரையறுக்க வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு முறையும் ஏற்றத்திலும் வற்றத்திலும், மேல்மட்டத்திலும் அடிமட்டத்திலும் மாதிரி எடுக்க வேண்டும். விடியற்கால அளவீடு கட்டாயமாக்கப்பட வேண்டும். பாலத்தடி போதாது, ஒவ்வொரு வடிகால் வாயும் ஒவ்வோர் ஆலை வெளியேற்றமும் கணக்கில் வர வேண்டும். சேறும் மீனும் ஆண்டுதோறும் சோதிக்கப்பட வேண்டும். முடிவுகள் உடனுக்குடன் மராத்தி, இந்தி, உருது, தமிழ் என அங்கு வாழும் மக்களின் மொழிகளில் கரையிலேயே எழுதி வைக்கப்பட வேண்டும். மாதிரி எடுக்கும்போது மீனவர் சங்கம், துப்புரவுத் தொழிலாளர் சங்கம், குடியிருப்போர் ஆகியோரின் பிரதிநிதிகள் உடனிருக்கும் உரிமை சட்டமாக்கப்பட வேண்டும். மாசைக் காரணம் காட்டி, மாற்றிடமின்றி ஒரு குடும்பமும் வெளியேற்றப்படக் கூடாது.

கட்சிக் கிளைகள் ஆய்வுக்கூடங்களாக மாற வேண்டியதில்லை. ஆனால் கரையோரக் கிளையில் ஒரு குறிப்பேடு இருக்க முடியும். நீரின் நிறம் மாறிய நாள், நாற்றம் எழுந்த நேரம், அப்போது கடல் ஏற்றமா வற்றமா, செத்து ஒதுங்கிய மீன் எவ்வகை என்று எழுதிவர ஒரு தோழரும் ஓத அட்டவணையும் போதும். அந்தத் தேதிகளைக் குறிப்பிட்டு 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வாரியத்தின் பதிவைக் கேட்கும்போது, பொதுவான புகார் குறிப்பான கேள்வியாகிறது. குறிப்பான கேள்விக்கு மழுப்பலாக விடை தருவது அதிகாரிக்குக் கடினம்.

ஆலைத் தொழிலாளி ஒரு காலத்தில் வேலை நேரத்தை முதலாளியின் கடிகாரத்திற்கு மட்டும் விட்டுவைக்காமல் தானும் கணக்கிடத் தொடங்கினார். எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்தில் அந்தக் கணக்குக்கும் பங்குண்டு. தான் வாழும் கரையின் நீரையும் அவர் அவ்வாறே கணக்கிடத் தொடங்க வேண்டும்.