12 பேருக்காக மாறாமல் போன டேப் கீ!

1976-ம் ஆண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் என்பவர் 'மேக்' என்ற சாஃப்ட்வேரை எழுதினார். ஒரு புரோகிராமில் உள்ள ஏகப்பட்ட ஃபைல்களில் எது மாறியிருக்கிறது என்று பார்த்து, தேவையானதை மட்டும் மறுபடி தயார்செய்யும் கருவி அது. அதில் ஒரு விதி உண்டு. கட்டளை எழுதும் வரி, கீபோர்டின் 'டேப்' கீயில்தான் தொடங்க வேண்டும். அதற்குப் பதில் 8 ஸ்பேஸ் தட்டினால், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால், மேக் ஏற்காது.

இது தொல்லை என்பது சில வாரங்களிலேயே ஃபெல்ட்மேனுக்குப் புரிந்துவிட்டது. அதற்குள் சுமார் 12 பேர் அதைப் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள். பெரும்பாலும் நண்பர்கள். அவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாமே என்று மாற்றாமல் விட்டுவிட்டார். விளைவு? ஏறக்குறைய 50 ஆண்டுகளாக உலகெங்கும் புதிதாகப் படிக்க வருபவர்கள் அதே டேப் கீயில் தடுக்கி விழுகிறார்கள்.

'இப்போதாவது மாற்றலாமே' என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். மொபைல் ஆப்பில் ஒரு பட்டன் இடம் மாறினால், நாம் சலித்துக்கொண்டே தேடிக் கண்டுபிடித்துவிடுவோம். ஆனால் கட்டளைகளைப் பெரும்பாலும் மனிதர்கள் தட்டுவதில்லை. யாரோ எப்போதோ எழுதிவைத்த 'ஸ்கிரிப்ட்', நள்ளிரவில் தானாக ஓடி பேக்கப் எடுக்கும், கணக்குப் பார்க்கும். அதற்குத் தேடத் தெரியாது. கட்டளையில் ஓர் எழுத்து மாறினாலும் அப்படியே நின்றுவிடும். எழுதியவர் வேலையை விட்டே போயிருப்பார். பேக்கப் நின்றுபோனது, அது தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

அப்படியென்றால் எதையுமே மாற்றக் கூடாதா? மாற்றலாம். அதற்கு நிதானம் வேண்டும்.

பழசு இருக்கட்டும், புதுசு வரட்டும்: 'கிட்' என்ற சாஃப்ட்வேரில் 'செக்அவுட்' என்ற ஒரே கட்டளை, சம்பந்தமில்லாத இரண்டு வேலைகளைச் செய்து குழப்பியது. 2019-ல் 'ஸ்விட்ச்', 'ரீஸ்டோர்' என்று இரண்டு புதிய கட்டளைகளைக் கொண்டுவந்தார்கள். பழைய செக்அவுட்டில் கை வைக்கவில்லை.

முன்கூட்டியே சொல்லுங்கள்: கிட்டில் முன்பெல்லாம் வெறுமனே 'புஷ்' என்று தட்டினால், சர்வரில் அதே பெயரில் உள்ள எல்லாக் கிளைகளும் மொத்தமாகப் போய்ச்சேரும். அரைகுறை வேலையும் சேர்ந்தே போகும். இப்போதிருக்கும் கிளை மட்டும் போகும்படி 2014-ல் வந்த 2.0 பதிப்பில் மாற்றினார்கள். அதற்கு முந்தைய பதிப்புகளிலேயே 'இது மாறப்போகிறது' என்று திரையில் அறிவித்துவிட்டார்கள். பழைய முறையே வேண்டும் என்பவர்களுக்கு செட்டிங்கில் ஒரு வரி எழுதினால் போதும் என்று வழியும் வைத்தார்கள்.

எச்சரிக்கையிலும் எச்சரிக்கை: எழுத்துகளைத் தேடித்தரும் 'கிரெப்' கருவிக்கு 'ஈகிரெப்', 'எஃப்கிரெப்' என்று இரண்டு பழைய துணைப் பெயர்கள் உண்டு. 2007-லேயே இவற்றைத் தவிர்க்கச் சொல்லிவிட்டார்கள். ஆனால், அதை வாசித்தவர்கள் குறைவு. 2022-ல், பயன்படுத்தும்போதெல்லாம் திரையில் எச்சரிக்கை வரும்படி செய்தார்கள். எதிர்பாராத அந்த ஒரு வரியே பல இடங்களில் தொந்தரவானது. கருவி என்ன பேசும் என்பதையும் நம்பித்தான் ஸ்கிரிப்ட்டுகள் எழுதப்படுகின்றன!

மேக் கருவிக்கும் ஒரு விடிவு வந்தது. 2010-ல் வெளியான குனூ மேக் பதிப்பில், டேப்புக்குப் பதில் வேறு எழுத்தை வைத்துக்கொள்ளும் வசதி சேர்க்கப்பட்டது. வேண்டுமென்று கேட்பவர்களுக்கு மட்டும்தான் அது. மற்றவர்களுக்கு, அந்த 12 பேர் பழகிய அதே டேப் கீதான்!