ஐப்பசியில் விரால் எங்கே நிற்கும்?

'மழை தொடங்கிவிட்டது. எங்கள் ஊர் வாய்க்கால், குளங்களில் விரால் பிடிக்க எங்கே தூண்டில் போடலாம்?'
- வாசகர், ஒரத்தநாடு.

ஆற்றின் நடு ஓட்டத்தில் தேடாதீர்கள். விரால் தேங்கிய, ஆழம் குறைந்த தண்ணீரை விரும்பும் மீன். கோரை, ஆம்பல், வெங்காயத்தாமரை மண்டிய கரையோரம் பாருங்கள். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது; காற்றைக் குடிக்க அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். தண்ணீர் சலம்பி வட்டம் விரியும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கனமழை பெய்தால் புதுத்தண்ணீரை எதிர்த்து, மடை வழியாகச் சம்பா வயலுக்கும் ஏறும். விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் மண்புழு கோத்துப் போடலாம்.

ஒரு எச்சரிக்கை. விரால் குஞ்சு பொரிப்பதும் மழைக்காலத்தில்தான். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே மேய்ந்தால், அடியில் பெற்ற மீன்கள் காவல் நிற்கின்றன என்று பொருள். அவற்றைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அடுத்த ஆண்டு உங்களுக்கும் மீன் இருக்காது. அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பூச்சிமருந்து அடித்த வயலின் தண்ணீரை உடனே வாய்க்காலில் வடிக்காதீர்கள். ஏலம் போன குளமானால், குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டே தூண்டில் போடுங்கள்.