பணம் போகும் கம்ப்யூட்டரை மட்டும் மாற்றுங்கள்

ஆம்பூரில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்களுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. எந்த யூனிட்டுக்குப் போனாலும் முதலாளிகள் கேட்பது ஒன்றுதான்: "விண்டோஸ் 10-ஐ மாற்றியே ஆகணுமா?"

விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. ஆனாலும் டேலி திறக்கிறது, டெலிவரி சலான் பிரிண்ட் ஆகிறது. அதனால் பலருக்கு அசட்டை. மாற்ற நினைப்பவர்களுக்கோ வேறு தடை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை புராசசராவது வேண்டும். நான் உட்காரும் மேசையில் இருப்பது ஆறாம் தலைமுறை ஐ3. பயாஸுக்குள் போய் டிபிஎம்மை ஆன் செய்தேன், 2.0 என்றே காட்டியது. ஆனால் புராசசர் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இல்லை. எஸ்எஸ்டி போட்டு ரேமைக் கூட்டிய பிறகு ஜிஎஸ்டி ரிட்டர்னும் இ-வே பில்லும் தடங்கலில்லாமல் போடுகிற மெஷின் அது. அதைக் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனம் வராது.

செலவும் சின்னதல்ல. 2025 ஆகஸ்டில் இந்திய ஏற்றுமதிக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆம்பூர் பட்ட பாடு ஊரறியும். அந்த அடி வாங்கியவரிடம் எல்லா மெஷினையும் மாற்றுங்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

அப்படியே விட்டுவிடலாம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களை முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். இனி அப்டேட்டே வராத மெஷினில் நெட் பேங்கிங் நடக்கிறது, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகியபடியே கிடக்கிறது. சனிக்கிழமை வாரக்கூலி அந்தக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும்.

டிபிஎம், புராசசர் தடையைப் பைபாஸ் பண்ணி 11 ஏற்றித் தருகிறோம் என்று சர்வீஸ் பையன்கள் சொல்கிறார்கள். ஏறும், ஓடவும் ஓடும். ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. எதற்காக மாறுகிறோமோ அதற்கே உத்தரவாதம் கிடையாது.

விண்டோஸ் 10-க்கே காசு கட்டி அப்டேட் வாங்கலாம். நிறுவனங்களுக்கு மெஷின் ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர், பிறகு ஆண்டுதோறும் இரட்டிப்பு, மூன்று ஆண்டு வரைதான். மூன்றும் கட்டினால் 427 டாலர். அந்தப் பணத்துக்குப் புது மெஷினே வாங்கலாம். ஒரு வருஷம் தள்ளிப்போட மட்டும் இது உதவும்.

ஆகவே ஒரே ஒரு மெஷின் புதிதாக வாங்குங்கள். பேங்க், ஜிஎஸ்டி, டேலி, கையெழுத்து டோக்கன் எல்லாம் அதில் மட்டும் இருக்கட்டும். தோல் ஸ்டாக்கும் பீஸ் ரேட்டும் எழுதுகிற பழைய மெஷினில் நெட் வயரைப் பிடுங்கிவிடுங்கள், அல்லது லினக்ஸ் போடுங்கள். லினக்ஸ் நமக்குப் புதிதில்லை. அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. உங்கள் ஆபீஸ் பிள்ளைகளில் யாராவது அதைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்.

வாங்கும் முன் இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்: டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை மாட்டப் போர்ட் இருக்கிறதா, டோக்கனின் டிரைவர் 11-இல் ஓடுமா. டேலி டேட்டாவைத் தனியாக ஒரு காப்பி எடுத்து வையுங்கள். கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் மட்டும் இந்த வேலையைத் தொடாதீர்கள்.