"ஏன் கத்தல?"ன்னு கேக்காதீங்க: பயத்துல உடம்பு உறைஞ்சு போறது பத்தி ஒரு த்ரெட்

1/ பாலியல் தாக்குதலுக்கு ஆளான ஒருத்தர் எப்படியோ தைரியம் வந்து வாயைத் திறக்கிறார். வீட்டிலயும் ஸ்டேஷன்லயும் பெரும்பாலும் முதல்ல வர்ற கேள்வி: "நீ ஏன் கத்தல? தள்ளிவிட்டுட்டு ஓடியிருக்கலாமே?" இந்தக் கேள்வி மருத்துவ ரீதியாகவே தவறு. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

2/ ஆபத்து வந்தா உடம்பு ஒண்ணு சண்டை போடும், இல்லைன்னா ஓடும். பள்ளிக்கூடத்துல இப்படித்தான் படிச்சோம். வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915ல எழுதின புத்தகத்திலிருந்து பிரபலமான கருத்து இது. ஆனா மூன்றாவதா ஒண்ணு இருக்கு: உறைதல்.

3/ நம்ம பேச்சு வழக்குக்கு இது எப்பவோ தெரியும். "விக்கித்துப் போய் நின்னுட்டேன்", "நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு", "கை கால் ஓடல", "பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டேன்". எதிர்ல லாரி வரும்போது நடு ரோட்டுல அப்படியே நிக்கிறவரைப் பார்த்திருப்பீங்க. அவரை யாரும் "சாக சம்மதிச்சார்"னு சொல்றதில்லையே?

4/ இதுல ரெண்டு நிலை உண்டு. முதலாவது, சில நொடிகள் மட்டும் அசையாம நின்னு கவனிக்கிறது. தசை இறுகும், ஆனா இதயத் துடிப்பு குறையும். பைக்கை முறுக்கிக்கிட்டே பிரேக்கையும் பிடிச்ச மாதிரி. அடுத்து என்ன செய்யலாம்னு மூளை எடுத்துக்கிற அவகாசம் இது.

5/ இரண்டாவது, தப்பிக்கவே வழியில்லைன்னு மூளை முடிவு செய்யும்போது வர்றது. மருத்துவத்துல 'டானிக் இம்மொபிலிட்டி'ன்னு பேரு. நினைவு இருக்கும், நடக்கிறது தெரியும், ஆனா கை காலை அசைக்க முடியாது, குரல் வராது. கோழியைத் தரையில அமுக்கிப் பிடிச்சிட்டு மெல்ல கையை எடுத்தா, கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கும் பாருங்க. அதே வகைதான்.

6/ இதை இயக்குறதுல அமிக்டலாவுக்கும், நடுமூளையில இருக்கிற ஒரு பழமையான பகுதிக்கும் முக்கியப் பங்கு உண்டு. யோசிச்சு முடிவெடுக்கிற முன்மூளையோட அனுமதிக்கு அவை காத்திருக்காது. தும்மலை யாராவது யோசிச்சா தும்முறாங்க? ஆணா பெண்ணா, பலசாலியா, கராத்தே தெரியுமா என்பதெல்லாம் இதைத் தடுக்கும்னு உத்தரவாதம் கிடையாது.

7/ ஸ்டாக்ஹோம்ல, வல்லுறவுக்கு ஆளானவர்களுக்கான அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடந்த ஆய்வு 2017ல வெளியானது. தாக்குதலின்போது குறிப்பிடத்தக்க அளவு உறைஞ்சு போனதா சொன்னவங்க 70%. மிகக் கடுமையா உறைஞ்சவங்க 48%. அப்படி உறைஞ்சவங்களுக்கு ஆறு மாசம் கழிச்சு பி.டி.எஸ்.டி.யும் தீவிர மனச்சோர்வும் அதிகமா இருந்தது.

8/ சட்டம் இதைக் கத்துக்க நாளாச்சு. 1972ல மகாராஷ்டிராவில் காவல் நிலையத்துக்குள்ளேயே ஒரு பழங்குடிச் சிறுமி வல்லுறவுக்கு ஆளான வழக்கு. உடம்புல காயம் இல்லை, கூச்சல் போடலைங்கறதை எல்லாம் காரணமாக்கி உச்ச நீதிமன்றம் 1978ல ரெண்டு போலீஸ்காரர்களையும் விடுவிச்சது. நாடே கொதிச்சது. 1983ல சட்டம் திருத்தப்பட்டது.

9/ இன்னைக்கு பாரதிய நியாய சன்ஹிதா 63ஆம் பிரிவு தெளிவா சொல்லுது: உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெண் சம்மதித்தார் என்று கருதக் கூடாது. 2013ல இருந்தே பழைய சட்டத்திலும் இது உண்டு. சட்டப் புத்தகம் மாறிடுச்சு. நம்ம வாய்தான் இன்னும் மாறல.

10/ "அப்போ யார் வேணா உறைஞ்சு போயிட்டேன்னு சொல்லலாமே டாக்டர்?" நியாயமான கேள்விதான். உறைஞ்சு போனது குற்றத்தை நிரூபிச்சிடும்னு நான் சொல்லல. சாட்சியம், மருத்துவப் பரிசோதனை, விசாரணை எல்லாம் அதது வழியில நடக்கட்டும். எதிர்க்காததைச் சம்மதத்துக்குச் சாட்சியா எடுக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

11/ "ஏன் கத்தல?"ங்கிற கேள்வி சும்மா போறதில்ல. ஏற்கெனவே அவங்களே தங்களை ராத்திரி பகலா கேட்டுக்கிட்டிருக்கிற கேள்வி அது. நாமும் கேட்டா, "தப்பு என்மேலதான் போல"ன்னு வாயை மூடிக்குவாங்க. அப்புறம் ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டாங்க. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும். தயங்குற ஒவ்வொரு மணி நேரமும் இழப்பு.

12/ பையன்களுக்கு இன்னும் கஷ்டம். "ஆம்பளப் புள்ள, ஒரு அடி விட்டிருக்க வேண்டாமா?"ன்னு கேட்டா அவன் அடுத்த வார்த்தை பேசமாட்டான்.

13/ அப்போ என்ன சொல்லணும்? "நீ சொன்னது நல்லது. நான் நம்புறேன். உன்மேல தப்பில்ல. இப்ப என்ன வேணும்?" இவ்வளவு போதும். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. அரசு, தனியார் எந்த மருத்துவமனையானாலும் பாதிக்கப்பட்டவருக்கு இலவசமா முதலுதவியும் சிகிச்சையும் தரணும்ங்கறது சட்டம்.

14/ இதைப் படிக்கிறவங்கள்ல யாராவது, "அன்னைக்கு நான் ஏன் அப்படிச் சிலையாட்டம் இருந்தேன்?"னு பல வருஷமா உள்ளுக்குள்ள கேட்டுக்கிட்டிருந்தா, உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நீங்க கோழை இல்ல. அன்னைக்கு உங்க உடம்பு உங்களைக் கேக்காம, உயிரைக் காப்பாத்த அதுக்குத் தெரிஞ்ச வழியைப் பிடிச்சுக்கிச்சு. அந்தப் பாரம் இன்னும் அழுத்துதுன்னா ஒரு மனநல மருத்துவரைப் பாருங்க. இதுக்குச் சிகிச்சை இருக்கு.